கோபம் வந்த ஊர்: கெல்லி தாமஸ் வழக்கை மறுபடி படித்தபோது

2011-ல் நான் ஃபுல்லர்ட்டனில் குடியிருந்தேன். கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே ஆரஞ்சு கவுண்டியில் இருக்கிற நடுத்தர ஊர். காலையில் காரை ரயில் நிலையத்து பார்க்கிங்கில் விட்டுவிட்டு மெட்ரோலிங்க் பிடித்து வேலைக்குப் போவேன். ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் பெஞ்சுகள் உண்டு. அங்கே எப்போதும் நாலைந்து பேர் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். நம்மாட்கள் பேச்சில் அவர்களுக்குப் பெயர் "ஹோம்லெஸ்". ஏதோ ஜாதிப் பெயர் மாதிரி. "அந்தப் பக்கம் போகாத, ஹோம்லெஸ் இருப்பான்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலை 5 இரவு, பார்க்கிங்கில் ஒருவர் கார்க் கதவுகளை இழுத்துப் பார்க்கிறார் என்று போலீசுக்குத் தொலைபேசி வந்தது. போலீஸ் வந்து நிறுத்தியது கெல்லி தாமஸ் என்ற 37 வயதுக்காரரை. மனச்சிதைவு நோய் உள்ளவர், வருடக்கணக்காகத் தெருவில் வாழ்ந்தவர். ஆறு போலீஸ்காரர்கள் சேர்ந்து அடித்தும் அழுத்தியும் போட்டதில் நினைவு தப்பியது. திரும்பவில்லை. ஐந்து நாள் கழித்து, ஜூலை 10 அன்று, மருத்துவமனையில் உயிர்காக்கும் கருவிகளை எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு என் கார் அங்கே இருந்ததா என்று ஞாபகமில்லை. இருந்திருக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை அந்த ஊருக்கு வந்த கோபத்தைப் பற்றிய விமர்சனம். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு புகைப்படம்

இறந்த உடனே யாருக்கும் கோபம் வரவில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் போலீஸ் தரப்பில் வந்த செய்தி, கைது செய்யும்போது கைகலப்பு, போலீஸ்காரர்களுக்கு எலும்பு முறிவு என்பது. அப்படி எந்த முறிவும் இல்லை என்று பிறகு ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஆனால் அந்த முதல் வாரங்களில் இது இரண்டு பத்திச் செய்தி. நானும் படித்துவிட்டு ரயில் ஏறிப் போனவன்தான்.

ஜூலை கடைசியில் படம் வெளியே வந்தது. கெல்லியின் அப்பா ரான் தாமஸ் மருத்துவமனைப் படுக்கையில் மகனை எடுத்த படம். முகம் என்று சொல்ல முடியாத ஒரு முகம். பக்கத்திலேயே செந்தாடியோடு சிரிக்கும் பழைய படத்தை வைத்து அட்டைகள் அச்சடித்தார்கள். உள்ளூர் வலைப்பதிவு ஒன்று விடாமல் எழுதியது. வானொலியில் தினமும் பேசினார்கள். அந்த வானொலிக்காரர்கள் வலதுசாரிகள், பொதுவாகப் போலீஸ் பக்கம் நிற்கிற ஆட்கள். சனிக்கிழமைதோறும் போலீஸ் நிலையத்துக்கு முன்னால் கூட்டம். பஸ் நிலையத்து விளக்குக் கம்பத்தடியில் பூ, மெழுகுவர்த்தி, கடிதங்கள். நானும் ஒரு சனிக்கிழமை போனேன். அட்டை பிடித்தேன். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

இங்கே ஒரு விஷயம். ரான் தாமஸ் அதே கவுண்டியில் ஷெரீஃப் துறையில் வேலை பார்த்தவர். அந்தப் படத்தை அவர் அழுதுகொண்டே எடுத்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் எடுக்க வேண்டும் என்று தோன்றியதற்கு, எது சாட்சியம் என்று தொழிலில் கற்றதும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் மைக்கைப் பிடித்தால் போலீஸ் சங்கம்கூட கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு அப்பா தெருவில் இருக்கும் எத்தனை பேருக்கு இருப்பார்?

இன்னொன்று. அந்த இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்தது கெல்லியை "ஒரு வீட்டுப் பிள்ளை" ஆக்கியது. ஊர் கோபப்பட்டது அந்தப் பிள்ளைக்காக. கூட்டத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது: "அவன் ஒண்ணும் ரவுடி இல்ல, பாவம், மனநிலை சரியில்லாதவன், ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டான்." ரவுடியாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வி அப்போது எனக்கும் தோன்றவில்லை. பிற்பாடு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்குத் தோன்றியது. அம்மாவே ஒரு காலத்தில் மகன் மேல் தடையுத்தரவு வாங்கியிருந்ததை எடுத்துப் போட்டார்கள். பழைய போதைப் பழக்கத்தால் இதயம் பலவீனமாக இருந்தது என்றார்கள். இறந்தபோது ரத்தத்தில் போதைப்பொருள் எதுவும் இல்லை. மார்பு நசுங்கி மூச்சு தடைப்பட்டது என்பதுதான் பிரேதப் பரிசோதனை சொன்னது. ஆனாலும் அந்த வாதம் வேலை செய்தது. ஏன் என்றால் நாமே அந்த அஸ்திவாரத்தைப் போட்டிருந்தோம். நல்லவன் என்பதால் அடித்தது தப்பு என்று நாம் சொன்னோம், அவன் அவ்வளவு நல்லவன் இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். அவ்வளவுதான்.

33 நிமிடங்கள்

2012 மே மாதம், வழக்கின் ஆரம்பகட்ட விசாரணையில் வீடியோ வெளியானது. பஸ் நிலையத்துக் கம்பத்தில் இருந்த கண்காணிப்புக் கேமராவின் படம், போலீஸ்காரர்கள் உடம்பில் மாட்டியிருந்த ஒலிப்பதிவுக் கருவியின் சத்தம், இரண்டையும் அரசுத் தரப்பு ஒன்றாக இணைத்திருந்தது. மொத்தம் 33 நிமிடம். இதை ஒரு பிரதி மாதிரி வைத்துப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும் என்பது என் எண்ணம். இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பின்பாதியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்.

பின்பாதியில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தடி, டேசர் என்கிற மின்னதிர்ச்சித் துப்பாக்கி, பிறகு அதே டேசரின் கட்டையால் முகத்தில் அடி. கெல்லி மூச்சு விட முடியவில்லை என்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், அப்பாவைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அப்புறம் குரல் நின்றுவிடுகிறது. இதை நான் விவரிக்கப் போவதில்லை.

முதல் கால் மணி நேரத்துக்கு வருவோம். அதில் ஒன்றுமே நடக்காது. மானுவல் ராமோஸ் என்ற போலீஸ்காரர் தடியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார். பெயர் கேட்கிறார். கெல்லி சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். மறுபடி கேட்கிறார். ராமோஸுக்கு இவரை முன்பே தெரியும், புது ஆள் கிடையாது. விளிம்பில் உட்காரச் சொல்கிறார்கள். காலை நீட்டச் சொல்கிறார்கள், கையை முழங்காலில் வைக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய கெல்லிக்கு வரவில்லை, குழம்புகிறார். காலை நீட்டினால் கை நகர்கிறது, கையை வைத்தால் கால் மடங்குகிறது. பக்கத்தில் இன்னொரு போலீஸ்காரர் அவர் பையைக் கிளறிக்கொண்டிருக்கிறார். பின்னணியில் பஸ்கள் வந்து போகின்றன, பயணிகள் நிற்கிறார்கள்.

யாருக்கும் அவசரமே இல்லை. ஆபத்தும் இல்லை. தப்பி ஓடுகிற ஆள் இல்லை, ஆயுதம் இல்லை. ஒரு மனநோயாளியிடம் ஒரு போலீஸ்காரர் சலிப்பில் விளையாடிக்கொண்டிருக்கிறார். பிறகுதான் ராமோஸ் கையுறை மாட்டுகிறார். இந்த முஷ்டி உன்னை உண்டு இல்லையென்று ஆக்கத் தயாராகிறது என்கிற அர்த்தத்தில், கெட்ட வார்த்தையோடு, நிதானமாகச் சொல்கிறார்.

இந்தக் கையுறைக் காட்சியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். "அசுரன்" என்று எழுதினார்கள். எனக்கு அதற்கு முந்தைய பதினைந்து நிமிடம்தான் பயங்கரமாகப் படுகிறது. அங்கே ராமோஸ் அசுரன் இல்லை, ஷிஃப்டில் இருக்கிற ஒரு ஆள். நான் அலுவலகத்தில் பார்க்கிற எந்த ஆளும் அப்படி நிற்பார். ஒரு நோயாளி கார்க் கதவைத் தொட்டால் ஊருக்குக் கூப்பிடத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான், அந்த எண்ணுக்கு வருவது தடியோடுதான் வரும். வந்த ஆளுக்கு அவரை எங்கே கொண்டுபோய் விடுவது என்றால் லாக்கப்பைத் தவிர இடம் கிடையாது. இந்த ஏற்பாட்டை அந்தக் கால் மணி நேரம் அப்படியே காட்டுகிறது. கேமரா யாருக்காகவும் பரிதாபப்படவில்லை, யார் மேலும் குறையும் சொல்லவில்லை.

வீடியோவைப் பற்றி இன்னொரு குறிப்பு. கெல்லியின் குரலை நாம் நீளமாகக் கேட்பது இந்த ஒலிப்பதிவில்தான். அவரை அடிக்கப்போகிறவர்கள் மாட்டியிருந்த கருவியில். நம் ஊர் மு. சந்திரகுமாரின் "லாக்கப்" ஞாபகம் வருகிறது. குண்டூரில் வேலை தேடிப் போய் பூங்காவில் படுத்துத் தூங்கிய தமிழ் இளைஞர்களைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய் நாள்கணக்கில் வதைத்த கதை, வெற்றிமாறன் 2015-ல் "விசாரணை" என்று எடுத்தது. அங்கேயும் ஆரம்பம் இதேதான், முகவரி இல்லாமல் ராத்திரி வெளியே கிடக்கிற உடம்பு. நம்ம ஊர் பாஷையில் "சந்தேகக் கேஸ்". ஆனால் சந்திரகுமார் பிழைத்து வந்தார், ஆட்டோ ஓட்டினார், தானே எழுதினார். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று அவர் முடிவு செய்தார். கெல்லிக்கு அது கிடைக்கவில்லை. அவர் கதையை அப்பா சொன்னார், வழக்கறிஞர்கள் சொன்னார்கள், வானொலிக்காரர்கள் சொன்னார்கள், இதோ நானும் சொல்கிறேன்.

கோபம் சாதித்தது

சாதிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆரஞ்சு கவுண்டியில் பணியில் இருந்தபோது செய்த செயலுக்காக ஒரு போலீஸ்காரர் மேல் கொலை வழக்கு என்பது அதுதான் முதல் முறை. ராமோஸ் மேல் இரண்டாம் நிலைக் கொலை, ஜே சிசினெல்லி மேல் உள்நோக்கமில்லாமல் மரணம் விளைவித்த குற்றம். மாவட்ட அரசு வழக்கறிஞர் டோனி ரக்காக்கஸ் தானே நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். போலீஸ் தலைவர் மருத்துவ விடுப்பில் போனவர் அப்படியே ஓய்வு பெற்றார். 2012 ஜூன் 5-ல் நகரமன்ற உறுப்பினர்கள் மூன்று பேரைத் திரும்பப் பெறும் தேர்தலில் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மூவரில் ஒருவர் முன்னாள் போலீஸ் தலைவர்.

அந்த ரீகால் மனுவை இப்போது எடுத்துப் படித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. கெல்லியோடு சேர்த்து தண்ணீர்க் கட்டணத்தில் சட்டவிரோதமாக வசூலித்த வரி, அரசு ஊழியர் ஓய்வூதியம் எல்லாம் அதில் இருந்தது. பெரும் பணம் போட்டவர் உள்ளூர் கட்டடத் தொழிலதிபர் ஒருவர், நான் மேலே சொன்ன வலைப்பதிவும் அவருடையதுதான். தப்பு என்று சொல்லவில்லை. அந்த வலைப்பதிவு இல்லாவிட்டால் இந்த வழக்கே இல்லை. ஆனால் ஒரு பெரிய கோபம் ஊருக்குள் வந்தால், ஏற்கெனவே வண்டிக்குக் காத்திருந்த சின்னச் சின்னக் கோபங்கள் எல்லாம் அதில் ஏறிக்கொள்கின்றன. இறங்கும்போது யார் எங்கே இறங்கினார் என்று பார்ப்பதில்லை.

2014 ஜனவரி 13. ஜூரி இருவரையும் குற்றமற்றவர்கள் என்றது. இரண்டு நாள்கூட அவர்கள் கூடிப் பேசவில்லை. மூன்றாவது போலீஸ்காரர் மேல் இருந்த வழக்கும் கைவிடப்பட்டது. ராமோஸின் வழக்கறிஞர் ஜான் பார்னெட், 1992-ல் ராட்னி கிங் வழக்கில் ஒரு போலீஸ்காரருக்காக வாதாடியவர். அந்த வழக்கில் வீடியோ எப்படித் தோற்றது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. படத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அசைவாக எடுத்து, இந்தக் கை ஏன் நகர்ந்தது, பயிற்சியில் இதற்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் முழு அடி என்று ஒன்று இருக்காது. நியாயமான சின்ன அடிகளின் வரிசை மட்டும் மிஞ்சும். ஓட்டிப் பார்க்கும்போது கொலை, நிறுத்திப் பார்க்கும்போது கடமை.

"வீடியோ இருக்கே, தப்பிக்க முடியாது" என்று நாங்கள் அட்டை பிடித்தபோது நம்பினோம். 2014 மார்ச்சில் அல்புகர்க்கியில் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்த ஜேம்ஸ் பாய்ட் என்பவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதும் போலீஸ்காரரின் ஹெல்மெட் கேமராவில் பதிவானதுதான். அவரும் மனச்சிதைவு நோயாளி. அங்கேயும் ஊர் கொதித்தது, கொலை வழக்குப் போட்டார்கள், 2016-ல் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் வழக்கு விசாரணை முறிந்தது, பிறகு கைவிட்டார்கள்.

இழப்பீடு கிடைத்தது. கெல்லியின் அம்மாவுக்கு 2012-ல் 10 லட்சம் டாலர், அப்பாவுக்கு 2015-ல் 49 லட்சம். கொடுத்தது நகராட்சிதான்.

அதே ஊர், இன்னொரு கோபம்

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2013-ல், அதாவது கெல்லி வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, வீடற்றவர்களுக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தங்குமிடம் ஒன்றை ஃபுல்லர்ட்டனில் அமைக்கக் கவுண்டி முயன்றது. ஒரு பழைய மரச்சாமான் கடைக் கட்டடத்தை வாங்கி மாற்றுவது திட்டம். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். பள்ளிக்கூடம் பக்கம், வீடுகள் பக்கம் என்று காரணம். நகரமன்றம் சம்மதிக்கவில்லை, திட்டம் போனது. ரீகாலுக்குப் பிறகு அமைந்த மன்றம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2014-ல் நாங்கள் இர்வைனுக்கு வீடு மாறினோம். பையன் பள்ளிக்கூடத்துக்காக. தமிழ்க் குடும்பங்கள் இர்வைனுக்கு வேறெதற்குப் போகும்! 2018 தொடக்கத்தில் சாண்டா ஆனா ஆற்றங்கரையில், ஏஞ்சல் மைதானத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தவர்களைக் கவுண்டி அப்புறப்படுத்தியது. 700 பேருக்கு மேல். நீதிபதி டேவிட் கார்ட்டர் தலையிட்டதால் தற்காலிகமாக மோட்டல்களில் தங்க வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கே? மார்ச் 19 அன்று கவுண்டி மேற்பார்வையாளர் குழு இர்வைன், ஹண்டிங்டன் பீச், லகுனா நிகெல் ஆகிய மூன்று ஊர்களில் இடம் பார்ப்பது என்று முடிவெடுத்தது.

அன்று இரவே எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் பற்றிக்கொண்டன. நான் இருந்த ஒரு தமிழ்க் குழுவில் பொங்கல் விழாவுக்கு வராத பதில்கள் எல்லாம் வந்தன. "குழந்தைகள் நடமாடுற இடம்." "ஊசி கிடக்கும்." "நாம என்ன அவங்களுக்கு எதிரியா, ஆனா இங்க எதுக்கு?" மார்ச் 27 அன்று பேருந்துகள் ஏற்பாடு செய்து சாண்டா ஆனாவில் குழுவின் கூட்டத்துக்கே ஆட்கள் போனார்கள். அதில் பெரும் பகுதி எங்களைப் போலக் குடியேறி வந்தவர்கள். ஒழுங்காக அட்டை அச்சடித்து, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு. அன்றைக்கே குழு திட்டத்தைத் திரும்பப் பெற்றது. எட்டே நாள்.

நான் பேருந்தில் ஏறவில்லை. வேலை இருந்தது. ஆனால் இணையத்தில் வந்த மனுவில் கையெழுத்துப் போட்டேன். இரவு பதினொரு மணிக்கு, படுக்கையில் இருந்தபடி, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை அட்டை பிடித்த அதே ஆள்தான்.

அப்போது இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே எனக்குப் படவில்லை. அது போலீஸ் கொடுமை, இது ஊர்ப் பாதுகாப்பு. இப்போது வழக்கு ஆவணங்களை மறுபடி படிக்கும்போது, அந்த முதல் தொலைபேசி அழைப்பிலேயே இரண்டும் ஒன்றாக இருப்பது தெரிகிறது. பார்க்கிங்கில் ஒரு ஆள், கார்க் கதவு, பயம், யாராவது வந்து அவனை இங்கிருந்து எடுங்கள். ராமோஸ் அந்த வேலைக்காகத்தான் வந்தார். எடுத்துக்கொண்டு போ என்று சொல்கிறவர்கள் நாம்தான், எப்படி எடுத்தாய் என்று படம் பார்த்துவிட்டு அதிர்கிறவர்களும் நாம்தான். 2011-ல் ஊர் கேட்டது அடிக்காமல் எடு என்பதை. 2013-ல் அது தெளிவாயிற்று. 2018-ல் நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது சண்டைக்கு வந்தார். "அடிச்சுக் கொன்னதும் ஷெல்டர் வேணாம்னதும் ஒண்ணாய்யா?" ஒன்று இல்லை. அடித்தவன் குற்றவாளி, என்ன தீர்ப்பு வந்தாலும் என் கணக்கில் அப்படித்தான். அதே நேரத்தில் ஒரு வாதத்தை அவரால் மறுக்க முடியவில்லை: ராத்திரி எட்டரை மணிக்குக் கெல்லி தாமஸ் போய்ப் படுக்க ஃபுல்லர்ட்டனில் ஒரு கட்டில் இருந்திருந்தால், அவர் அந்த பார்க்கிங்கில் இருந்திருக்க வேண்டிய அவசியம் குறைவு. அந்தக் கட்டில் வேண்டாம் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் விளக்குக் கம்பத்தில் பூ வைத்தவர்கள் என்று யாரும் எண்ணவில்லை. குறைந்தது ஒருவன் எனக்குத் தெரியும்.

மத்திய அரசும் 2017 ஜனவரியில் வழக்கை மூடிவிட்டது. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில், படுக்க வேறு இடம் இல்லாவிட்டாலும் பொது இடத்தில் படுப்பவர்களை நகராட்சிகள் தண்டிக்கலாம் என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. அந்தச் செய்தியும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மூன்று பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. நான் முதல் முறை பார்த்தபோது, மற்ற எல்லாரையும் போல, நேராகப் பதினைந்தாவது நிமிடத்துக்கு இழுத்துவிட்டேன். பார்ப்பதாக இருந்தால் ஆரம்பத்திலிருந்து பாருங்கள். கையுறை மாட்டுகிற இடம் வந்ததும் நிறுத்திவிடலாம், மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான்.